எந்த டெஸ்ட் பெஸ்ட்? கேள்வியே கொஞ்சம் தப்பு!

வீட்ல ஒருத்தன் இன்ஜினியரிங் சேர்ந்துட்டா போதும். மிக்ஸி ஓடலைன்னாலும் அவன்தான், ரேஷன் கார்டுல பேர் சேர்க்கணும்னாலும் அவன்தான், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வந்தாலும் அவன்தான். உங்க வீட்லயும் இதே கதைதான்னு நினைக்கிறேன். போன தை மாசம் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல பெரியப்பாவோட ட்ரெட்மில் ரிப்போர்ட் மொத்தமும் போட்டோவா வந்து விழுந்துச்சு. கீழ பெரியம்மாவோட வாய்ஸ் மெசேஜ்: "கண்ணு, நீ படிச்ச புள்ள. இதுல இன்னா எழுதியிருக்குன்னு பாத்து சொல்லு. நாளைக்கே அட்மிட் ஆவணும்றாங்க."

நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். இதயத்தைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது அது ஒரு பம்ப் என்பது மட்டும்தான். ஆனா அன்னிக்கு ராத்திரி உக்காந்து படிச்சதுல ஒண்ணு புரிஞ்சது. இது முழுக்க முழுக்க நம்ம சப்ஜெக்ட். மெட்ராலஜி, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், ப்ராபபிலிட்டி மூணும் ஒரே ரிப்போர்ட்ல. அதனாலதான் இதை நம்ம பத்திரிகையில எழுதுறேன். நாளைக்கு உங்க வீட்டு குரூப்லயும் இப்படி ஒரு ரிப்போர்ட் வரும்.

முதல்ல பெரியப்பா கதை. வயசு 61. அரசு பஸ் டிரைவரா இருந்து ரிட்டையர் ஆனவர். எட்டு வருஷமா சுகர். பீடி, கேட்டா "விட்டுட்டேன்"னு சொல்லுவார். விழுப்புரம் ஜங்ஷன்ல ஒண்ணாம் பிளாட்பாரத்துல இருந்து மேம்பாலப் படி ஏறும்போது பாதியில நெஞ்சை அடைக்குது. நின்னா அஞ்சு நிமிஷத்துல சரியாயிடுது. ரெண்டு மாசமா இப்படித்தான். சும்மா உக்காந்திருந்தா ஒண்ணும் இல்லை, ராத்திரி தூக்கத்துல ஒண்ணும் இல்லை. அதே படி, அதே இடம், அதே அடைப்பு. நம்ம பாஷையில சொன்னா, குறிப்பிட்ட லோடுக்கு மேல போனா மட்டும் வர்ற ஃபால்ட்.

இந்த இடத்துல ஒரு எச்சரிக்கை. நான் எழுதுறது எல்லாம் இந்த மாதிரி நிலையான, உழைப்புக்கு மட்டும் வர்ற வலிக்குத்தான். சும்மா இருக்கும்போது நெஞ்சு அடைச்சு, வேர்த்துக் கொட்டி, ஓய்வெடுத்தும் குறையலைன்னா அது மாரடைப்பா இருக்கலாம். அப்போ இந்தக் கட்டுரையையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு 108-க்கு போன் பண்ணுங்க. அங்க ஆஞ்சியோவும் ஸ்டென்ட்டும் உயிரைக் காப்பாத்துற வேலை, ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. நம்ம மாநிலத்துல 2023-ல ஆரம்பிச்ச 'இதயம் காப்போம்' திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல் டோஸ் மாத்திரைகள் கொடுத்து அனுப்புறாங்க. அது வேற பாடம்.

சரி, பெரியப்பாவுக்கு வருவோம். இங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஈசிஜி நார்மல், எக்கோ நார்மல், ட்ரெட்மில் பாசிட்டிவ். "நாளைக்கு ஆஞ்சியோ பண்ணிடலாம், அடைப்பு இருந்தா அப்பவே ஸ்டென்ட் வச்சிடலாம்"னு சொல்லி, ரெண்டுக்கும் சேர்த்து ஒரே பாரத்துல கையெழுத்து கேட்டிருக்காங்க. பெரியம்மா நகையை எடுத்து மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. அண்ணன் சென்னையில இருந்து போன்ல, "எந்த டெஸ்ட் பெஸ்ட்டோ அதைப் பண்ணச் சொல்லுடா"ங்கறான். அந்தக் கேள்விதான் என்னைத் தூங்க விடலை.

ட்ரெட்மில்லுல என்ன பண்றாங்கன்னு பாருங்க. புரூஸ்னு ஒரு டாக்டர் 1963-ல வகுத்த முறை. மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம், அதுல ஆரம்பிக்கும். 3 நிமிஷத்துக்கு ஒரு தடவை வேகமும் ஏற்றமும் கூடும். நடக்க நடக்க ஈசிஜியைப் பார்ப்பாங்க. இதயத் தசைக்கு ரத்தம் பத்தலைன்னா கோடு கீழே இறங்கும். பெரியப்பா ரெண்டாவது கட்டத்துலயே கையைத் தூக்கிட்டார்.

இந்த டெஸ்ட் எவ்வளவு நம்பகம்? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்குல, நோய் இருக்குற 100 பேர்ல சுமார் 68 பேரைப் பிடிக்கும். நோய் இல்லாத 100 பேர்ல 77 பேரைச் சரியா "இல்லை"ன்னு சொல்லும், 23 பேரைத் தேவையில்லாம பயமுறுத்தும். இப்ப பேயஸ் தேற்றத்தை எடுங்க. மேத்ஸ்ல 16 மார்க்குக்காக மனப்பாடம் பண்ணோமே, அதேதான்.

முப்பத்தஞ்சு வயசு அக்கா ஒருத்தருக்கு நெஞ்சுல சுருக்கு சுருக்குனு குத்துது, நடக்கும்போது ஒண்ணும் இல்லைன்னு வைங்க. அப்படிப்பட்ட 1000 பேர்ல அடைப்பு இருக்குறவங்க 50 பேர்னு தாராளமாவே வச்சுக்குவோம். அந்த 50-ல 34 பேருக்குப் பாசிட்டிவ் வரும். மீதி 950 பேர்லயும் 218 பேருக்குப் பாசிட்டிவ் வரும். ஆக பாசிட்டிவ் வந்த ஏழெட்டுப் பேர்ல ஒருத்தருக்குத்தான் நிஜமான நோய். எங்க பெரியப்பா மாதிரி ஆளுங்களை எடுத்தா, டெஸ்ட்டுக்கு முன்னாடியே வாய்ப்பு பாதிக்குப் பாதின்னு வைங்க. இப்ப பாசிட்டிவ் வந்தா நாலுல மூணு பேருக்கு நிஜம். ஆனா நெகட்டிவ் வந்திருந்தாலும் நூத்துக்கு 29 பேருக்கு நோய் இருந்திருக்கும்! அதே மெஷின், அதே டெக்னீஷியன், அதே ரிப்போர்ட் பேப்பர். அர்த்தம் மட்டும் ஆளுக்கு ஆள் வேற.

அப்போ "எந்த டெஸ்ட் பெஸ்ட்"ங்கற கேள்விக்கு ஆளைப் பார்க்காம பதிலே கிடையாது. அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். "அதெல்லாம் சரி, அடைப்பு எவ்வளவுன்னு ஆஞ்சியோல தெரிஞ்சிடுமில்ல?"ன்னான். நியாயமான கேள்விதான். ஆனா இங்கதான் எனக்கே ஆச்சரியம் ஆரம்பிச்சது.

உங்க ஊர் மேல்நிலைத் தொட்டியை நினைச்சுக்கோங்க. மெயின் பைப்புல உப்பு படிஞ்சு பாதி அடைச்சிருக்கு. ராத்திரி பத்து மணிக்கு ஒரு வீட்ல குழாயைத் திறந்தா தண்ணி நல்லாத்தான் வரும். காலையில ஆறு மணிக்குத் தெருவே திறக்கும்போதுதான் கடைசி வீட்டுக்குச் சொட்டு சொட்டா வரும். இதயமும் அப்படித்தான். ரத்தக்குழாய் சுருங்கினா அதுக்குக் கீழே இருக்குற சின்னக் குழாய்கள் தானாவே விரிஞ்சு ஓட்டத்தைச் சமாளிக்கும். கோல்ட்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1970-கள்ல நாய்களை வச்சுப் பண்ண சோதனையில, ஓய்வு நிலையில ஓட்டம் குறையறதுக்குக் குழாயோட விட்டம் 85 சதவீதம் வரைக்கும் சுருங்க வேண்டியிருந்தது. உச்சகட்ட ஓட்டமோ 50 சதவீதத்துலயே குறைய ஆரம்பிச்சிடுது. பெரியப்பாவுக்கு ஈசிஜியும் எக்கோவும் நார்மலா வந்ததோட ரகசியம் இதுதான். ரெண்டையும் அவர் படுத்திருக்கும்போது எடுத்தாங்க. தெருக் குழாயை ராத்திரி பத்து மணிக்குப் போய்ப் பார்த்த மாதிரி.

பாய்ஸ்யூய் விதி, ஆரத்தோட நாலாம் அடுக்குன்னு உடனே நோட்டை எடுக்காதீங்க. அது நீளமான குழாய்க்கு. அடைப்பு சில மில்லிமீட்டர்தான், அதனால அழுத்த இழப்புல பெரிய பங்கு அடைப்பைத் தாண்டி ஓட்டம் விரியுற இடத்துலதான். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப்ல சடன் எக்ஸ்பான்ஷன் லாஸ்னு மானோமீட்டர் வச்சு அளந்தோமே, அதே சமாச்சாரம். அடைப்போட நீளம், வடிவம், அதுக்குக் கீழே எவ்வளவு தசைக்கு ரத்தம் போகணும், எல்லாமே கணக்குல வரும். "70 சதவீதம்"ங்கற ஒத்தை எண்ணுக்குள்ள இது எதுவுமே கிடையாது. அந்த எண்ணும் பல இடங்கள்ல டாக்டர் திரையைப் பார்த்துக் கண்ணால மதிப்பிடுறதுதான்.

கண்ணால பார்க்காம அளந்தா? அதுக்கும் வழி இருக்கு. தலைமுடி மாதிரி ஒரு கம்பி, முனையில ப்ரஷர் சென்சார். மருந்து கொடுத்து ஓட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுபோய், அடைப்புக்கு முன்னாடி அழுத்தம், பின்னாடி அழுத்தம், ரெண்டுக்கும் விகிதம். 0.80 அல்லது அதுக்குக் கீழே போனா அந்த அடைப்பு ஓட்டத்தைத் தடுக்குதுன்னு அர்த்தம். எஃப்எஃப்ஆர்னு சொல்வாங்க. 2009-ல ஃபேம்னு ஒரு ஆய்வு, 1005 நோயாளிகள். கண்ணால பார்த்து 50-லிருந்து 70 சதவீதம்னு முடிவு பண்ண அடைப்புகளை இந்தக் கம்பியால அளந்தப்போ, அதுல 35 சதவீதம்தான் நிஜமாவே ஓட்டத்தைத் தடுத்துச்சு. 71-லிருந்து 90 சதவீத அடைப்புலகூட அஞ்சுல ஒண்ணு தடுக்கலை. கண்ணை மட்டும் நம்பி ஸ்டென்ட் வச்சவங்களைவிட, அளந்து வச்சவங்களுக்கு ஸ்டென்ட்டும் குறைவு, ஒரு வருஷத்துல பெரிய சிக்கல்களும் குறைவு.

இன்னொரு விஷயம். ஆஞ்சியோ படத்துல தெரியுறது குழாயோட உள்வெளி மட்டும்தான். மருந்து ஓடுற நிழல். சுவர் தெரியாது. ஆனா நோய் இருக்குறதே சுவர்லதான். கொழுப்பு படியும்போது குழாய் முதல்ல வெளிப்பக்கமா வீங்கி இடம் கொடுக்கும். 1987-ல கிளாகோவ் குழுவினர் காட்டின மாதிரி, படிவு சுமார் 40 சதவீத இடத்தை ஆக்கிரமிக்கும் வரைக்கும் உள்வழி சுருங்காமலே இருக்கலாம். அதாவது "நார்மல் ஆஞ்சியோ"ன்னு ரிப்போர்ட் வந்தவருக்கும் சுவர் முழுக்கக் கொழுப்பு இருக்கலாம். மாரடைப்பு வர்றதும் பல நேரம் அப்படிப்பட்ட, பெருசா சுருங்காத இடம் வெடிச்சு ரத்தம் உறையறதாலதான். 90 சதவீத அடைப்பை மட்டும் தேடிப்போய் ஸ்டென்ட் வச்சா மாரடைப்பு வராதுன்னு நாம நம்புறோமே, அந்த நம்பிக்கை ஆட்டம் காணுறது இங்கதான்.

சுவரைப் பார்க்கறதுக்குத்தான் சிடி ஆஞ்சியோ. கையில ஊசி வழியா மருந்து, பத்து விநாடி மூச்சடக்கல், முடிஞ்சது. தொடையிலோ மணிக்கட்டிலோ குழாய் விட வேண்டியதில்லை. சிடி மெஷினைக் கண்டுபிடிச்ச ஹவுன்ஸ்ஃபீல்டு டாக்டர் இல்லை, இசைத்தட்டு விக்கிற ஈஎம்ஐ கம்பெனியில வேலை பார்த்த எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர். 1979-ல மருத்துவத்துக்கான நோபல் பரிசு வாங்கினார். ஈஈஈ மக்கள் காலரைத் தூக்கிக்கலாம். ஆனா மெக்கானிக்கல்காரனுக்கு இதுல பெரிய தலைவலி தெரியும். துடிச்சுக்கிட்டே இருக்குற, 2-லிருந்து 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயைப் படம் எடுக்கணும். அரை மில்லிமீட்டர்தான் மெஷினோட துல்லியம். அதனாலதான் முன்னாடியே மாத்திரை கொடுத்து நாடித்துடிப்பை 60 பக்கத்துல இறக்குவாங்க. நாடி தாறுமாறா ஓடுறவங்களுக்குப் படம் கலங்கிடும். சுண்ணாம்பு நிறைய படிஞ்சிருந்தா அது படத்துல வீங்கித் தெரிஞ்சு, அடைப்பை இருக்குறதைவிடப் பெருசா காட்டும். கிட்னி பலவீனமானவங்களுக்கு அந்த மருந்தே யோசிக்க வேண்டிய விஷயம்.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு கூட்டம்: ஸ்ட்ரெஸ் எக்கோ, நம்ம ஊர்ல "தேலியம் ஸ்கேன்"னு சொல்ற நியூக்ளியர் ஸ்கேன் (இப்ப தேலியத்துக்குப் பதிலா பெரும்பாலும் டெக்னீஷியம்), ஸ்ட்ரெஸ் எம்ஆர்ஐ. இவை குழாயைப் பார்க்காது, தசைக்கு ரத்தம் போய்ச் சேருதான்னு பார்க்கும். ஒண்ணு பைப்பைப் பரிசோதிக்குது, இன்னொண்ணு கடைசி வீட்டுக் குடத்தைப் பரிசோதிக்குது. ரெண்டும் வேற வேற கேள்விக்குப் பதில் சொல்லுது. ஏற்கனவே ஸ்டென்ட் வச்சவர், சுண்ணாம்பு நிறைஞ்ச எழுபத்தஞ்சு வயசுக்காரர், இவங்களுக்கெல்லாம் குடத்தைப் பார்க்குறதே மேல்.

இப்ப முக்கியமான கட்டம். எந்தப் படத்தை எடுத்தா நோயாளி நல்லா இருக்கார்? படம் நல்லா வர்றது வேற, ஆள் நல்லா இருக்கிறது வேற இல்லையா?

அமெரிக்காவுல ப்ராமிஸ் ஆய்வு, 2015. நெஞ்சுவலி மாதிரி தொந்தரவு இருந்த 10,003 பேர். பாதிப் பேருக்கு சிடி, பாதிப் பேருக்கு லோடு டெஸ்ட், அதுல பெரும்பாலும் நியூக்ளியர். ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா சிக்கல்கள் 3.3 சதவீதம், 3.0 சதவீதம். டிரா. ஸ்காட்லாந்துல ஸ்காட்-ஹார்ட், 4146 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு, மீதிப் பேருக்கு அதோட சேர்த்து சிடியும். அஞ்சு வருஷத்துல இதயநோய் மரணமோ மாரடைப்போ வந்தவங்க, சிடி இல்லாத பக்கம் 81 பேர், சிடி பக்கம் 48 பேர்.

நான் முதல்ல என்ன நினைச்சேன்னா, சிடி அடைப்பைக் கண்டுபிடிச்சுது, ஸ்டென்ட் வச்சாங்க, பிழைச்சாங்க. தப்பு. அஞ்சு வருஷ முடிவுல ரெண்டு பக்கமும் ஆஞ்சியோ எண்ணிக்கையும் ஸ்டென்ட், பைபாஸ் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒண்ணுதான். வித்தியாசம் எங்கன்னா, சிடி பக்கம் ஸ்டேட்டின், ஆஸ்பிரின் மாதிரி தடுப்பு மாத்திரை அதிகம் பேருக்கு ஆரம்பிச்சிருக்காங்க. ட்ரெட்மில் "நெகட்டிவ்"னு வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டியவரோட சுவர்ல கொழுப்பு இருக்குறதைப் படம் காட்டியிருக்கு, டாக்டர் மாத்திரை எழுதியிருக்கார். ஆய்வாளர்களே சொல்ற காரணம் இதுதான். எனக்கும் இதுதான் நம்பும்படியா இருக்கு. அந்த ஆய்வுல யாருக்கு எந்த டெஸ்ட்னு டாக்டருக்கும் நோயாளிக்கும் தெரியும், சம்பவங்களோட எண்ணிக்கையும் சின்னது, அதனால கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிடணும். இருந்தாலும் பெரிய மெஷின் பண்ண பெரிய வேலை, ஒரு சின்ன மாத்திரையைச் சரியான ஆளோட கைக்குக் கொண்டுபோனதுதான்!

அப்போ ஸ்டென்ட்? இஸ்கீமியான்னு ஒரு ஆய்வு, 2020-ல வெளியானது. இந்தியாவும் சேர்த்து 37 நாடுகள், 5179 பேர். எல்லாருக்குமே லோடு டெஸ்ட்ல நடுத்தரமோ கடுமையோ பாசிட்டிவ். அதாவது எங்க பெரியப்பா மாதிரி ஆளுங்க. பாதிப் பேரை உடனே ஆஞ்சியோவுக்கு அனுப்பி, தேவைப்பட்டா ஸ்டென்ட்டோ பைபாஸோ பண்ணாங்க. மீதிப் பேருக்கு முதல்ல மாத்திரை மட்டும், அது பலிக்கலைன்னா ஆஞ்சியோ. மூணு வருஷத்துக்கு மேல பார்த்ததுல இறந்தவங்க உடனே ஆஞ்சியோ பக்கம் 145, மாத்திரை பக்கம் 144. இதுக்கு மேல நான் என்ன சொல்ல? ஒண்ணு சொல்லணும், மறைக்கக் கூடாது: அடிக்கடி நெஞ்சுவலி வந்தவங்களுக்கு ஆஞ்சியோ பக்கத்துல வலி நல்லாவே குறைஞ்சுது. 2023-ல வந்த ஆர்பிட்டா-2 ஆய்வுல, வலி மாத்திரையை நிறுத்தின 301 பேர்ல சிலருக்கு நிஜமாவும் சிலருக்குப் பொய்யாவும் (ஆமா, பொய் ஸ்டென்ட்!) பண்ணிப் பார்த்தப்போ, நிஜ ஸ்டென்ட் வலியைக் குறைச்சது உறுதியாச்சு. ஆக, நிலையான வலியில ஸ்டென்ட் என்பது பெரும்பாலும் வலிக்கான வைத்தியம். ஆயுளைக் கூட்டுற வைத்தியம்னு சொல்லி வித்தா அது தப்பு.

இஸ்கீமியா ஆய்வுல இன்னொரு நுணுக்கம் இருக்கு. இடது பிரதானக் குழாய், அதாவது ரெண்டு முக்கியக் கிளைக்கும் தாயான குழாய், அதுல பெரிய அடைப்பு இருந்தவங்களை அந்த ஆய்வுல சேர்க்கவே இல்லை. இதயத்தோட பம்ப் சக்தி ரொம்பக் குறைஞ்சவங்களையும் சேர்க்கலை. அவங்களுக்கு "மாத்திரை போதும்"னு யாரும் நிரூபிக்கலை. தாய்க்குழாய் நல்லா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டாங்க? பெரும்பாலானவங்களுக்கு முன்னாடியே சிடி எடுத்து. இதைப் படிச்சப்போதான் எனக்கு முடிச்சு அவிழ்ந்தது. பெரியப்பாவுக்கு வேணும்கறது "எத்தனை சதவீதம்"ங்கற எண் இல்லை. தாய்க்குழாய் தப்பிச்சிருக்கா, இல்லையா? அந்த ஒரு பதிலுக்கு ஏத்த மாதிரிதான் வைத்தியம் மாறும். மத்த எல்லா பதிலுக்கும் அவருக்கு மாத்திரை உண்டு, பீடி கிடையாது.

இங்க என்னோட கருத்தை நேரா சொல்லிடறேன். நிலையான நெஞ்சுவலிக்கு டெஸ்ட் எழுதுற டாக்டர், எழுதுறதுக்கு முன்னாடி ஒரு கேள்விக்குப் பதில் வச்சிருக்கணும்: ரிசல்ட் இப்படி வந்தா என்ன பண்ணுவோம், அப்படி வந்தா என்ன பண்ணுவோம்? ரெண்டுக்கும் ஒரே பதில்னா அந்த டெஸ்ட் வேண்டாம். அதைக் கேக்கற உரிமை நோயாளிக்கு உண்டு, நோயாளிக்கு வாய் வரலைன்னா கூடப் போற நமக்கு உண்டு. அப்புறம், அவசரம் இல்லாத ஆளுக்கு ஆஞ்சியோவுக்கும் ஸ்டென்ட்டுக்கும் ஒரே கையெழுத்து வாங்குற பழக்கம் எனக்குச் சுத்தமா பிடிக்கலை. மேஜை மேல மயக்கமும் பயமுமா படுத்திருக்குறவர்கிட்டயும், கண்ணாடிக்கு வெளியே நகையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற பெரியம்மாகிட்டயும் "80 சதவீதம் இருக்கு, வச்சிடட்டுமா?"ன்னு கேட்டா யார்தான் வேண்டாம்பாங்க? படம் ஒரு நாள், முடிவு இன்னொரு நாள். நடுவுல வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி குடிக்கட்டும்.

எதிர்வாதம் இருக்கு, நல்ல எதிர்வாதம். எனக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டர் அண்ணன் சொன்னார்: "தம்பி, ஸ்காட்லாந்துல மாத்திரை எழுதினா சாப்பிடுவான். இங்க மூணு மாசத்துல நிறுத்திட்டு நாட்டு மருந்துக்குப் போயிடுவான். ஸ்டென்ட் வச்சா அதுவாவது உள்ள இருக்கும்." இது உண்மை. ஆனா ஸ்டென்ட் வச்சவர் மாத்திரையை நிறுத்தினா இன்னும் ஆபத்து, ஸ்டென்ட்டுக்குள்ளயே ரத்தம் உறையும். அதனால இந்த வாதம் மாத்திரையைக் கட்டிக் காக்கறதுக்கான வாதமே தவிர, ஸ்டென்ட்டுக்கான வாதம் இல்லை. சுகர், பிரஷர் மாத்திரையை 2021-ல இருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்'னு வீட்டு வாசல்லயே கொண்டுவந்து கொடுக்குற மாநிலம் இது. கொழுப்பு மாத்திரையை விடாம சாப்பிட வைக்க நம்மால முடியாதா என்ன?

இன்னொரு வாதம் பணம். 2017 பிப்ரவரியில மருந்து தடவின ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு 29,600 ரூபாய்னு உச்சவரம்பு வச்சாங்க. பெரிய நிவாரணம், சந்தேகமே இல்லை. ஆனா விலை குறைஞ்சதால தேவையில்லாதது தேவையாயிடாது. மறுபக்கம், இதயத்துக்கான சிடி எடுக்கத் தோதான மெஷினும் அதைப் படிக்கத் தெரிஞ்ச ஆளும் திண்டிவனத்துலயோ செஞ்சியிலயோ தெருவுக்குத் தெரு கிடையாது. நாங்க பாண்டிச்சேரி போனோம். கார் வாடகையோட சேர்த்துப் பத்தாயிரத்தைத் தாண்டிடுச்சு. கூலி வேலைக்குப் போறவரால இது முடியுமா? மாவட்டத் தலைநகர் அளவுலயே அரசு செலவுல இது கிடைக்கணும்னு கேக்கறது பேராசை இல்லை. தெற்காசியாக்காரங்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியா 53 வயசுல வருது, மத்த நாட்டுக்காரங்களைவிட அஞ்சாறு வருஷம் முன்னாடின்னு இன்டர்ஹார்ட் ஆய்வு சொல்லிப் பல வருஷம் ஆச்சு. அம்பத்து மூணுன்னா, நம்மள்ல பல பேரோட அப்பா வயசு.

பெரியப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லணுமில்ல. கையெழுத்துப் போடலை. பாண்டிச்சேரியில பார்த்த டாக்டர் கால் மணி நேரம் பேசினார், அதுல பத்து நிமிஷம் மேம்பாலப் படியைப் பத்தி. சிடி எடுத்ததுல தாய்க்குழாய் சுத்தம். முன்பக்கக் குழாயோட நடுவுல 60-70 சதவீதம், மத்த இடங்கள்ல அங்கங்க சுண்ணாம்பு. டாக்டர் திரையைத் திருப்பி அவருக்கே காட்டினார். அந்த வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்துட்டு வந்த அன்னிக்குத்தான் பீடிக்கட்டு நிஜமாவே கூரையை விட்டு இறங்குச்சு. நாலு வகை மாத்திரை, நாக்குக்கு அடியில வைக்க ஒண்ணு, தினம் நடை. "மூணு மாசம் பார்ப்போம். வலி குறையலைன்னா, இல்ல வலி நடை மாறினா, உடனே வாங்க. அப்ப கம்பியால அளந்து பார்த்துட்டு ஸ்டென்ட் பேசலாம்"னு சொல்லி அனுப்பினார்.

வலி முழுசா போகலை. அதை ஒத்துக்கணும். பெரியம்மாவுக்கு இன்னும் சந்தேகம்தான், "அடைப்பை உள்ளயே வச்சுக்கிட்டு இருக்காரே"ன்னு என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பார்வை. எனக்கும் ராத்திரி போன் அடிச்சா திக்குங்குது. ஸ்டென்ட் வச்சுக்கலாம்னு பெரியப்பா நாளைக்கே முடிவு பண்ணாலும் நான் குறுக்க நிக்க மாட்டேன், அது அவரோட நெஞ்சு, அவரோட வலி.

அவரோ பழைய டிரிப் ஷீட் பழக்கத்துல ஒரு டைரி போட்டுட்டார். தேதி, நேரம், எத்தனாவது படியில நின்னேன், எத்தனை நிமிஷம் நின்னேன். ரிவ்யூவுக்கு ரிப்போர்ட்டோட அதையும் எடுத்துக்கிட்டுப் போகப்போறார். தை மாசம் பதினாலாவது படியில நின்னவர், போன வாரம் எழுதியிருக்கிறது: "மேலே வரை ஏறினேன். நிற்கவில்லை. லேசாக இருந்தது. வண்டி 20 நிமிடம் தாமதம்."